1.4.2001 அன்றைய சொத்து மதிப்பு: மூலதன ஆதாய வரிக்கான மதிப்பீட்டு அறிக்கையை முறையாகத் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டையோ மனையையோ விற்றவர் மதிப்பீட்டாளரிடம் வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "2001-க்கு எவ்வளவு போடலாம்?" விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில், பழைய சொத்துக்கு வாங்கிய விலைக்குப் பதிலாக அதன் 1.4.2001 மதிப்பைக் கழிக்கலாம் என்பதால்தான் இந்தக் கேள்வி. அதற்கு அப்போதே ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், பிறகு நடக்கும் வேலையெல்லாம் அந்தத் தொகைக்கு ஆதாரம் தேடும் வேலையாகிவிடும். மதிப்பு கடைசியில் வர வேண்டியது. உரிமை, தேதி, பரப்பு, சான்று ஆகிய நான்கும் அதற்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். புதியவர்கள் எழுதிய அறிக்கைகளில் நான் திருத்த நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழைகள் அல்ல. இந்த வரிசை கலைந்ததால் வந்தவை.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் உள்ள வீடு, மனை, அடுக்ககக் குடியிருப்பு ஆகியவற்றுக்கானது. இங்கே தரப்படும் பிரிவு எண்கள் வருமான வரிச் சட்டம், 1961-இன் எண்கள், 31.3.2026 வரை நடந்த விற்பனைகளுக்கு அவை பொருந்தும். வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் தேதி 1.4.2026 என்பதால், அதற்குப் பிந்தைய விற்பனைக்கு அறிக்கை எழுதுபவர் புதிய சட்டத்தின் எண்களையும் வாசகங்களையும் பார்த்தே எழுத வேண்டும்.

1. இந்த மதிப்பீடு தேவைதானா என்று முதலில் பாருங்கள்

சொத்து 1.4.2001-க்கு முன்பே விற்பவரின் கைக்கு வந்திருந்தால், அவர் உண்மையில் கொடுத்த விலையையோ, அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பையோ, தமக்கு ஏற்றதை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். தந்தையிடமிருந்து வாரிசாகவோ, உயில் வழியாகவோ, தானசெட்டில்மென்ட் மூலமாகவோ 2001-க்குப் பிறகு வந்த சொத்தாக இருந்தாலும், முந்தைய உரிமையாளர் அதை 1.4.2001-க்கு முன் பெற்றிருந்தால் இந்த வாய்ப்பு உண்டு. "2012-இல்தான் என் பெயருக்கு வந்தது" என்று சொல்லி இந்த வாய்ப்பையே விட்டுவிடுபவர்கள் பலர்.

அதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சொத்து ஊரகப் பகுதி விவசாய நிலமாக இருந்தால் அது மூலதனச் சொத்தே ஆகாது என்பதால் மதிப்பீட்டுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. நிலம், 10,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும்; அந்த எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரத்தில், மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்கும், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கும், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க வேண்டும். சாலை வழித் தூரம் இங்கே கணக்கில் வராது.

2. யார் கையெழுத்திட வேண்டும் என்பதை உறுதி செய்யுங்கள்

இங்கே குழப்பம் மிக அதிகம். வங்கிக் கடனுக்கு மதிப்பீடு எழுதித் தருபவர் வேறு. நிறுவனச் சட்டத்தின் 247-ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேறு. செல்வ வரிச் சட்டம், 1957-இன் 34ஏபி பிரிவின்படி வருமான வரித் துறையிடம் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேறு. ஒரே பொறியாளர் மூன்று தகுதிகளையும் பெற்றிருக்கலாம் என்றாலும், நமக்கு வேண்டியது மூன்றாவது. செல்வ வரி 2016-17 மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) முதல் வசூலிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் மதிப்பீட்டாளர் பதிவுமுறை வருமான வரிக்காகத் தொடர்ந்தது. எனவே பழைய சட்டத்தின் பெயரைப் பார்த்து, காலாவதியான பதிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பீட்டாளர் நான்கு உறுதிமொழிகளைத் தருகிறார்: பாரபட்சமற்ற, உண்மையான மதிப்பீட்டைச் செய்வேன், அறிக்கையை வகுக்கப்பட்ட படிவத்தில் தருவேன், வகுக்கப்பட்ட வீதத்துக்கு மேல் கட்டணம் வாங்க மாட்டேன், எனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உள்ள சொத்தை மதிப்பிட மாட்டேன். தொழில் ஒழுக்கம் என்று தனியாக ஒரு நூல் தேடத் தேவையில்லை. இந்த நான்கையும் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தால் போதும்.

நான்காவது உறுதிமொழியை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மைத்துனரின் வீடு, தாம் கட்டிக்கொடுத்த அடுக்ககம், தாமே தரகு பேசிய மனை ஆகியவை எல்லாம் அதற்குள் அடங்கக்கூடியவை. "வரி எவ்வளவு குறைகிறதோ அதில் இவ்வளவு" என்று கட்டணம் பேசுவதும் அதே கணக்கில்தான் சேரும். ஏனென்றால் அந்த நொடியிலேயே மதிப்பின் ஏற்ற இறக்கத்தில் மதிப்பீட்டாளருக்குப் பங்கு வந்துவிடுகிறது. அறிக்கையில் தவறான தகவல் தந்தால் ஒவ்வோர் அறிக்கைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 271ஜே பிரிவு இடமளிக்கிறது. தொகை சிறியதுதான், பெயர் கெடுவதன் விலை அதில் அடங்காது.

3. களத்துக்குப் போகும் முன் ஆவணங்களைச் சேருங்கள்

தேவையானவை இவை: விற்ற பத்திரத்தின் நகல், விற்பவர் அல்லது முந்தைய உரிமையாளர் வாங்கிய மூலப்பத்திரம், வாரிசுச் சான்று அல்லது உயில் அல்லது செட்டில்மென்ட் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவை வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரியின் முதல் விதிப்பு ஆணை, மின் இணைப்பு வழங்கப்பட்ட தேதியைக் காட்டும் ஏதேனும் ஒரு தாள்.

கடைசி இரண்டையும் யாரும் கொண்டுவருவதில்லை. நான் கேட்டு வாங்குவதும் அவற்றைத்தான். கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதற்கு வீட்டுக்காரரின் நினைவு சான்றாகாது. அனுமதி வாங்கிய ஆண்டுக்கும் கட்டி முடித்த ஆண்டுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் ஓடியிருக்கலாம். சொத்து வரி முதன்முதலில் விதிக்கப்பட்ட அரையாண்டும் மின் இணைப்புத் தேதியும் சேர்ந்து அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

வில்லங்கச் சான்றை, சொத்தின் இன்றைய சர்வே எண்ணுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பது போதாது. உட்பிரிவு செய்யப்படும் முன் இருந்த பழைய எண்ணுக்கும் போட வேண்டும். நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று அடையாளமே மாறியிருக்கும். தெருவின் பெயரும் கதவு எண்ணும் மாறியிருக்கும். பழைய அடையாளத்தையும் புதிய அடையாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு சிறு அட்டவணையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வரி அலுவலர் கையில் உள்ள விற்பனைப் பத்திரம் ஓர் எண்ணையும் உங்கள் அறிக்கை வேறோர் எண்ணையும் சொன்னால், மீதியைப் படிக்கும்போதே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

4. 1.4.2001 அன்று அங்கே என்ன இருந்தது என்பதை நிலைநிறுத்துங்கள்

இந்த வேலையின் நடுமையம் இதுதான். நீங்கள் பார்க்கப்போவது இன்றைய சொத்தை. மதிப்பிட வேண்டியது அன்றைய சொத்தை. இரண்டும் ஒன்றல்ல.

2001-க்குப் பிறகு கட்டிய மாடி, போட்ட மதில், தோண்டிய ஆழ்துளைக் கிணறு எதுவும் அன்றைய மதிப்பில் சேரக்கூடாது. அவை மேம்பாட்டுச் செலவாக, செலவு செய்த ஆண்டுக்கு உரிய வகையில் தனியாகக் கணக்கில் வரும். அதேபோல, 2001-க்கு முன்பே கட்டப்பட்டவற்றின் செலவை மேம்பாட்டுச் செலவாகத் தனியே காட்டக்கூடாது. அது அன்றைய சந்தை மதிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரு முறை என்னிடம் சரிபார்க்க வந்த அறிக்கை ஒன்றில், தரைத்தளம், முதல் தளம் இரண்டும் சேர்த்து 1,700 சதுர அடிக்கு 2001 மதிப்பு போடப்பட்டிருந்தது. முதல் தளத்துக்கான சொத்து வரி 2010-இல்தான் தொடங்கியிருந்தது. அதே தளத்தின் கட்டுமானச் செலவைக் கணக்காளர் மேம்பாட்டுச் செலவாகவும் கழித்திருந்தார். ஒரே தளம் இரண்டு முறை கழிந்திருந்தது. அதை எழுதியவர் இருவருமே கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை.

கட்டடம் மட்டுமல்ல, சுற்றுப்புறமும் அன்றைய நிலையில் இருக்க வேண்டும். இன்று மாநகராட்சிக்குள் இருக்கும் இடம் அன்று ஊராட்சியாக இருந்திருக்கலாம். இன்று 60 அடிச் சாலை ஓடும் இடத்தில் அன்று மண் பாதை இருந்திருக்கலாம். பின்னால் வந்த மேம்பாலமும் தொழில்நுட்பப் பூங்காவும் 1.4.2001 அன்று வாங்குபவரின் கணக்கில் இருந்திருக்க முடியாது. அந்தத் தேதியில் நியாயமாக அறிந்திருக்கக்கூடிய செய்திகளை மட்டுமே வைத்து மதிப்பிடுவதுதான் பின்தேதி மதிப்பீட்டின் அடிப்படை விதி. பத்து வீடு தள்ளி முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரிடம் கால் மணி நேரம் பேசினால், மழைக்காலத்தில் அன்று தண்ணீர் எங்கே நின்றது என்பது வரை தெரிந்துவிடும். அதை யார் சொன்னார் என்று கோப்பில் குறித்துக்கொண்டு, ஓர் ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே அறிக்கையில் சேருங்கள்.

5. நேரில் பார்த்து அளவெடுங்கள்

படம் பார்த்து எழுதும் அறிக்கை மதிப்பீட்டு அறிக்கை ஆகாது. பத்திரத்தில் உள்ள பரப்பு, பட்டாவில் உள்ள பரப்பு, தரையில் உள்ள பரப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போவது அரிது. மூன்றையும் எழுதி, எதை ஏற்றுக்கொண்டீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். உரிமை இருப்பது பத்திரப் பரப்புக்கு என்பதால், தரையில் கூடுதலாக இருந்தாலும் பத்திரப் பரப்பைத் தாண்டக்கூடாது. தரையில் குறைவாக இருந்தால் குறைந்ததையே எடுக்க வேண்டும்.

அலகு மாற்றத்தில் வரும் தவறுகள் சிறியவையாகத் தோன்றி பெரிதாக முடியும். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி, 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 5.5 சென்டை 2,400 சதுர அடி என்று எழுதுவது வழக்கம். சரியான கணக்கு 2,395.8.

அடுக்ககக் குடியிருப்பில் பிரிபடாத மனைப் பங்கு, வீட்டின் கட்டுப்பரப்பு இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். விற்பனை விளம்பரத்தில் சொல்லப்படும் பரப்பில் படிக்கட்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கும். கட்டட வீதத்தை எந்தப் பரப்பின் மேல் பெருக்குகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விற்ற வீடு இடிக்கப்பட்டுவிட்டால், அனுமதி வரைபடமும் பழைய வரி விதிப்புப் பதிவும்தான் துணை. நேரில் அளக்க முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

6. மனையின் மதிப்பை அன்றைய விற்பனைகளிலிருந்து கண்டறியுங்கள்

நியாயமான சந்தை மதிப்பு என்பது, அந்தத் தேதியில் திறந்த சந்தையில் விற்றால் அந்தச் சொத்துக்கு வழக்கமாகக் கிடைக்கக்கூடிய விலை. அதைக் காட்டும் நேரடிச் சான்று, அதே சுற்றுப்புறத்தில் அந்தத் தேதியை ஒட்டி நடந்த விற்பனைகள். அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கு 2000 ஏப்ரல் முதல் 2001 மார்ச் வரை வில்லங்கச் சான்று எடுங்கள். பின்பு ஏற்ற ஆவணங்களின் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பியுங்கள். வில்லங்கச் சான்றில் தொகையும் பரப்பும் தெரியும் என்றாலும், மனை மட்டுமா, கட்டடமும் சேர்ந்ததா என்பது பத்திரத்தைப் படித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உறவினருக்குள் நடந்த விற்பனை, ஏலம் ஆகியவற்றை ஒதுக்குங்கள். விரும்பி விற்பவரும் விரும்பி வாங்குபவரும் பேசி முடித்த விலை அவற்றில் இல்லை. தேதிக்குப் பின் நடந்த விற்பனையைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்; அதன் மீது மதிப்பைக் கட்டக்கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மதிப்பிட வேண்டியது 20 அடித் தெருவில் 2,400 சதுர அடி மனை. கிடைத்த விற்பனைகள் மூன்று. 2000 ஆகஸ்டில் அதே தெருவில், ஏறத்தாழ அதே அளவு மனை சதுர அடி 420 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. 2001 ஜனவரியில் 30 அடிச் சாலையில் 2,250 சதுர அடி மனை 480 ரூபாய்க்கும், 2001 மார்ச்சில் 20 அடித் தெருவில் 1,200 சதுர அடி மனை 490 ரூபாய்க்கும் விற்றிருக்கின்றன. முதலாவதற்கு எட்டு மாத இடைவெளிக்காக 4 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 437. இரண்டாவதற்கு அகலச் சாலையின் ஆதாயத்துக்காக 5 விழுக்காடு குறைத்தால் 456. மூன்றாவதற்குச் சிறு மனை கூடுதல் வீதத்தில் விலைபோகும் என்பதால் 5 விழுக்காடு குறைத்தால் 465.50.

இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதுவதுதான் புதியவர்களின் பழக்கம். சராசரியில் தீர்ப்பு இல்லை. தேதி, அளவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது விற்பனைதான் மிக நெருங்கியது. அதற்கு அதிக எடை கொடுத்து 455 ரூபாய் என்று முடிவு செய்தேன் என்று எழுதினால், அதை எதிர்ப்பவர் அந்தக் காரணத்தைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கும். 4, 5 விழுக்காடுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் ஆதாரம் வேண்டும். ஒரே தெருவில் இரு வேறு மாதங்களில் நடந்த விற்பனைகளை ஒப்பிட்டால் காலத் திருத்தமும், ஒரே மாதத்தில் இரு வேறு அகலச் சாலைகளில் நடந்தவற்றை ஒப்பிட்டால் சாலைத் திருத்தமும் கிடைக்கும்.

மனை மதிப்பு 2,400 × 455 = 10,92,000 ரூபாய்.

செய்யவே கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விற்ற விலையைப் பணவீக்கக் குறியீட்டால் (விலைவாசி உயர்வுக்கு ஏற்பப் பழைய விலையை உயர்த்திக் கணக்கிட ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் எண்) வகுத்து 2001 மதிப்பை வரவழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆதாயமே இல்லாமல் போவதில் வியப்பில்லை. விடையை வைத்துக் கேள்வியை எழுதினால் அப்படித்தான் வரும்.

7. கட்டடத்தைத் தனியாக மதிப்பிடுங்கள்

அன்றைய நிலையில் அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகியிருக்கும் செலவைக் கண்டு, அதிலிருந்து வயதுக்கான தேய்மானத்தைக் கழிப்பது வழக்கமான முறை. கட்டுமான வீதத்துக்குப் பொதுப்பணித் துறையின் 2000-01 ஆண்டுக்கான பரப்பளவு வீதத்தை அடிப்படையாகக் கொண்டு, தரை, கதவு, கூரை ஆகியவற்றின் தரத்துக்கு ஏற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். இன்றைய வீதத்தைப் பின்னோக்கிக் குறைத்து எழுதுவதை விட, அந்த ஆண்டின் அட்டவணையைத் தேடிப் பிடிப்பது நல்லது.

நம் எடுத்துக்காட்டில், 1990-இல் கட்டி முடித்த 900 சதுர அடித் தரைத்தளம் இருக்கிறது. சதுர அடிக்கு 500 ரூபாய் என்றால் புதிதாகக் கட்டும் செலவு 4,50,000. கட்டடத்தின் மொத்த ஆயுள் 60 ஆண்டு, ஆயுள் முடிந்த பின் எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு என்று கொண்டால், 11 ஆண்டுத் தேய்மானம் 11 ÷ 60 × 90 = 16.5 விழுக்காடு, அதாவது 74,250 ரூபாய். மீதி 3,75,750. வயதை 2001 வரை மட்டுமே எண்ண வேண்டும். இன்று வீடு பழசாகத் தெரிகிறது என்பதற்காக 35 ஆண்டுத் தேய்மானம் கழித்த அறிக்கையையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையாளர் காரணமின்றிக் கூடுதல் வரி கட்டியிருப்பார்.

மனையும் கட்டடமும் சேர்ந்து 14,67,750 ரூபாய். நியாயமான சந்தை மதிப்பு என்று மதிப்பீட்டாளர் வந்தடைந்த தொகை இது. வேலை இன்னும் முடியவில்லை.

8. வழிகாட்டி மதிப்பின் உச்சவரம்பைப் பொருத்திப் பாருங்கள்

2020-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 55-ஆம் பிரிவைத் திருத்தியது. 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, நிலம் அல்லது கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ளும் 1.4.2001 சந்தை மதிப்பு, அதே தேதியின் முத்திரைத் தீர்வை மதிப்பை (பத்திரப் பதிவில் தீர்வை கணக்கிட அரசு எடுத்துக்கொள்ளும் மதிப்பை) தாண்டக்கூடாது; அந்த மதிப்பு கிடைக்கும் இடங்களில் இந்த வரம்பு பொருந்தும். நம் ஊரில் அது, பதிவுத் துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பிலிருந்து வருவது.

இங்கே இரண்டு திசைகளிலும் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் வரம்பையே மறந்து 14,67,750-ஐக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மற்றொரு சாரார், வழிகாட்டி மதிப்பையே சந்தை மதிப்பு என்று எழுதிவிட்டு, ஒப்பீட்டு விற்பனை எதையும் தேடுவதே இல்லை. சட்டம் சொல்வது மேல்வரம்பு. மதிப்பையே அது தரவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் மனை, பாதை இல்லாத உள்மனை, காலி செய்யாத வாடகைதாரர் இருந்த வீடு ஆகியவை வழிகாட்டி மதிப்புக்குக் கீழேயே விலைபோயிருக்கலாம். அப்போது குறைந்த தொகையே சரியான மதிப்பு. உறுதிமொழியில் உள்ள "உண்மையான" என்ற சொல் வரி செலுத்துபவருக்குச் சாதகமில்லாத இடத்திலும் பொருந்தும்.

1.4.2001 அன்றைய வழிகாட்டி மதிப்புக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். நகர்ப்புறத்தில் தெரு வாரியாகவும் ஊரகத்தில் சர்வே எண் வாரியாகவும் அது இருக்கும். உங்கள் தெரு 2001 பதிவேட்டில் இல்லை என்றால், அந்த மனைப்பிரிவு அப்போது உருவாகியிருக்காது. சர்வே எண்ணின் மதிப்பைக் கேளுங்கள். பக்கத்துத் தெருவின் மதிப்பை நீங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாளில் அந்தக் கிராமம் வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருக்கவும் கூடும் என்பதால், மூலப்பத்திரம் எந்த அலுவலகத்தில் பதிவானது என்று பார்த்துவிட்டுப் போனால் ஓர் அலைச்சல் மிச்சம்.

வழிகாட்டி மதிப்பு மனைக்கு மட்டுமானது. கட்டடத்துக்குப் பதிவுத் துறை தனியாக மதிப்புப் போடும். வரம்பைக் கணக்கிடும்போது மனையின் வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து, கட்டடத்தை விட்டுவிட்டால் உரிமையாளருக்கு நட்டம். எடுத்துக்காட்டில் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 400 ரூபாய் என்றால் மனைக்கு 9,60,000. கட்டடத்துக்குப் பதிவுத் துறையின் அன்றைய முறைப்படி 3,50,000 வருகிறது என்றால் வரம்பு 13,10,000. கணக்கில் போகும் தொகை இதுதான். அறிக்கையில் இரண்டு தொகைகளையும் தனித்தனியே காட்டுங்கள். சந்தை மதிப்பைத் தீர்மானிப்பது மதிப்பீட்டாளரின் வேலை, வரம்பைப் பொருத்துவது சட்டத்தின் வேலை.

9. அறிக்கையை எழுதுங்கள்

வீடு, மனை ஆகியவற்றுக்குப் படிவம் ஓ-1. அதில் கேள்விகளுக்கு விடை தரும் பகுதியும் மதிப்பை வந்தடைந்த விதத்தை விளக்கும் பகுதியும் உண்டு. முதல் பகுதியில் "பொருந்தாது" என்று வரிசையாக எழுதித் தள்ளுவது கெட்ட பழக்கம். பட்டா, வாடகை, குத்தகை, நகரமைப்புக் கட்டுப்பாடு பற்றிய கேள்விகளுக்கு அங்கே தரும் விடைதான் இரண்டாம் பகுதியின் அடித்தளம்.

மதிப்பீட்டுத் தேதி, நேரில் பார்த்த தேதி, அறிக்கையின் தேதி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். எடுத்துக்கொண்ட அனுமானங்களை ஓரிடத்தில் திரட்டிச் சொல்லுங்கள். மதிப்பைச் சரியான ஒற்றைத் தொகையாகத் தர வேண்டும். "14 முதல் 15 லட்சம் வரை" என்பது விடை ஆகாது. சான்றிட்ட நகல்களையும் அளவு வரைபடத்தையும் புகைப்படங்களையும் இணையுங்கள். அறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் இணைப்பில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் நாங்களே வைத்துக்கொண்ட விதி.

10. கணக்காளருடன் உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள்

வரிக் கணக்கு மதிப்பீட்டாளரின் பொறுப்பு அல்ல. ஆனாலும் இந்த ஒரு சந்திப்பு பல பிழைகளைத் தடுக்கும்.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் 2009-10-இல் 8,00,000 ரூபாய்க்கு முதல் தளம் கட்டப்பட்டது; 2025 ஜூனில் 1,60,00,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது என்று கொள்வோம். 23.7.2024 முதல் நீண்டகால ஆதாயத்துக்குப் பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 விழுக்காடு வரி. அந்தத் தேதிக்கு முன் பெற்ற நிலம், கட்டடத்தை விற்கும் உள்நாட்டுக் குடியிருப்பாளரான தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும், குறியீட்டுடன் 20 விழுக்காடு கணக்கில் வரி குறைந்தால் அந்தக் குறைந்த தொகை போதும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இந்த ஒப்பீடு இல்லை.

குறியீடு இல்லாமல்: 1,60,00,000 − 13,10,000 − 8,00,000 = 1,38,90,000; வரி 17,36,250. குறியீட்டுடன்: 2001-02-க்கு 100, 2009-10-க்கு 148, 2025-26-க்கு 376 என்பதால் வாங்கிய விலை 49,25,600, மேம்பாட்டுச் செலவு 20,32,432, ஆதாயம் 90,41,968, வரி 18,08,394. இங்கே முதல் வழியே குறைவு. கூடுதல் தீர்வைகள் இதில் சேரவில்லை. வரம்பை மறந்து 14,67,750-ஐப் போட்டிருந்தால் வரியில் குறைந்திருக்கும் தொகை 20,000 ரூபாய்கூட இல்லை. அதற்காகத்தான் முழு அறிக்கையும் கேள்விக்குள்ளாகியிருக்கும்.

விற்ற விலைப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். 50சி பிரிவின்படி, விற்ற தேதியின் முத்திரைத் தீர்வை மதிப்பு, விற்ற விலையின் 110 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். 1.60 கோடி விற்பனைக்கு அரசு மதிப்பு 1.70 கோடி என்றால் சிக்கல் இல்லை. 1.80 கோடி என்றால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழு 1.80 கோடியும் கணக்கில் வரும்.

11. துறையிலிருந்து கேள்வி வந்தால்

வரி அலுவலர், காட்டப்பட்ட மதிப்பு நியாயமான சந்தை மதிப்பிலிருந்து மாறுபடுகிறது என்று கருதினால், 55ஏ பிரிவின் கீழ் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பலாம். அவர் ஆவணங்களைக் கேட்பார், இடத்தைப் பார்ப்பார், தமது உத்தேச மதிப்பை எழுத்தில் தெரிவித்து ஆட்சேபம் கேட்பார். அந்தக் கட்டத்தில்தான் கோப்பின் மதிப்பு தெரியும்.

ஆட்சேபத்தில் அவருடைய முடிவுத் தொகையோடு வாதிட வேண்டாம். அவர் எடுத்த ஒப்பீட்டு விற்பனைகள் எவை, அவற்றின் சாலை அகலம் என்ன, கட்டடத்தின் வயதை எப்படி எடுத்தார் என்று ஒவ்வொரு படியாகப் போங்கள். உங்கள் அறிக்கை அதே படிவரிசையில் எழுதப்பட்டிருந்தால், வேறுபாடு எந்தப் படியில் தொடங்குகிறது என்பதை இருவருமே பார்க்க முடியும். பெரும்பாலும் அது ஒரே ஒரு திருத்த விழுக்காட்டிலோ பரப்பிலோ வந்து நிற்கும்.

விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டு 3 மாதம் வரை, வருமானத்தை மறுமதிப்பீடு செய்வதற்கான அறிவிப்பு வரலாம். எனவே அறிக்கை நகலை மட்டுமல்ல, களக்குறிப்பு, ஒதுக்கிவிட்ட விற்பனைகளின் பட்டியல், அவற்றை ஒதுக்கிய காரணம், சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை ஆகியவற்றையும் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். ஒதுக்கியவற்றின் பட்டியல் எதற்கு என்று உதவியாளர்கள் கேட்பார்கள். துறையின் அலுவலர் முதலில் எடுத்துக் காட்டுவது, அநேகமாக, நீங்கள் பார்த்தும் ஒதுக்கிவிட்ட அந்த விற்பனையைத்தான்.